போர்க்கொலையும் கிறித்தவ அறமும்: கரிசல் நாட்டை ஒட்டி ஓர் ஆய்வு

போர்க்களத்திற் பகைவனைக் கொல்லுதல் அறத்தொடு பொருந்துமா என்னும் வினா மிகப் பழைமையானது. நெறிகள் பலவற்றிலும் அஃது எழுந்துள்ளதெனினும், கிறித்தவ நெறியில் அதன் இடர்ப்பாடு பெரிது. பகைவரிடத்தும் அன்பு செலுத்துக என்பது அந்நெறியின் தலையாய கட்டளைகளுள் ஒன்று. அந்நெறியைக் கைக்கொண்ட அரசுகளோ உலகப் பெரும்போர்கள் பலவற்றை நடத்தியவை. இம்முரணைத் தமிழ் மண்ணில் வாழ்ந்த கிறித்தவ அறிஞர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இறையியல் நூலோர் செய்யத்தக்க முடிவினை யாம் ஈண்டுச் செய்யப் புகவில்லை.

ஆய்வின் களமாக யாம் கொண்டது கரிசல் நாடு. 1985இல் தனி மாவட்டமாகிய விருதுநகர்ப் பகுதியும், அதற்குத் தெற்கே கோவிற்பட்டி, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கமும், வடமேற்கே தே. கல்லுப்பட்டியும் அடங்கிய நிலப்பரப்பையே இப்பெயராற் குறிக்கின்றோம். இக்களத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. போர்க்கொலை பற்றிய கிறித்தவச் சிந்தனையின் மூன்று நிலைகளைக் காட்டும் மூவர் இந்நிலத்தோடு தொடர்புடையோர்: காமநாயக்கன்பட்டியிற் பணிபுரிந்த வீரமாமுனிவர், திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதிய கால்டுவெல் ஐயர், தம் இறுதி ஆண்டுகளைத் தே. கல்லுப்பட்டியிற் கழித்த ஜே. சி. குமரப்பா. மற்றொரு காரணம் இந்நிலத்தின் தொழில். மழை அருகி, வெயில் மிகுந்து, வேளாண்மை நலிந்த சிவகாசியிலிருந்து 1922ஆம் ஆண்டளவில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். அதன் வழியே மத்தாப்பும் பட்டாசும் வளர்ந்தன. இன்று இந்திய நாட்டிற் கொளுத்தப்படும் பட்டாசிற் பெரும்பகுதி இவ்வட்டாரத்தில் உருவாவதே. வெடியுப்பும் கரியும் கந்தகமும் ஏறத்தாழ எழுபத்தைந்து, பதினைந்து, பத்து என்னும் விழுக்காட்டிற் கலந்த கருமருந்து திருவிழாவில் வேட்டாகும். பீரங்கியில் இட்டால் கோட்டைச் சுவரைப் பிளக்கும். பொருள் ஒன்றே; அதன் வினையை வேறாக்குவது யாது என்னும் கேள்வி போர்க்கொலை பற்றிய ஆராய்ச்சிக்குப் புறம்பானதன்று என்பது பின்னர்ப் புலனாகும்.

கிறித்தவம் இங்கு வந்தபோது தமிழர்க்குப் போரறம் பற்றிய தெளிந்த கொள்கை முன்னமே இருந்தது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறப்பாட்டு, அம்பு தொடுப்பதன் முன் ஆவும் பார்ப்பாரும் பெண்டிரும் பிணியுடையாரும் புதல்வரைப் பெறாதாரும் அரண் சேர்க என அறிவிக்கும் வழக்கைச் சிறப்பித்துக் கூறுகின்றது. போரிற் பங்கு கொள்ளாதாரைக் காத்தல் வேண்டும் என்னும் இக்காலப் போர்ச்சட்டத்தின் வித்து அப்பாட்டிற் கிடக்கின்றது எனல் மிகையன்று. திருக்குறளோ கொல்லாமையை ஓர் அதிகாரத்தாலும் படைச்செருக்கை மற்றோர் அதிகாரத்தாலும் போற்றுகின்றது. உரையாசிரியர் முன்னதைத் துறவறத்தின்கண்ணும் பின்னதை அரசியலின் அங்கமாகிய படையின்கண்ணும் வைத்து முரண் நீக்கினர். நிலைமையால் அறம் வேறுபடும் என்பதே அவர் துணிபு.

இத்தகைய நிலைமைப் பாகுபாடு கிறித்தவத்தின் தொடக்கத்தில் இல்லை. முதல் மூன்று நூற்றாண்டுகளில் தெர்த்துல்லியன், ஒரிகன் முதலிய ஆசிரியர்கள் கிறித்தவன் வாளெடுத்தலை உடன்படவில்லை. 295ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் தெபெஸ்தே நகரில் மாக்சிமிலியன் என்னும் இருபத்தோர் அகவை இளைஞன், தான் கிறித்தவனாதலின் படையிற் சேரேன் என மறுத்துத் தலை இழந்தான். அவன் தந்தை உரோமப் படையில் ஊழியம் செய்தவர் என்பது கருதத்தக்கது. கான்ஸ்டன்டைன் பேரரசன் கிறித்தவத்தைத் தழுவிய பின்னர் நிலை மாறிற்று. அரசு தமதானபோது அரசின் வாளும் தமதாயிற்று. அகுஸ்தீன் (354–430) போர் அமைதியை நோக்கியதாகவும் தேவையால் நேர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும் என்றார். தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) அதனை வரையறுத்து, அரசுரிமை உடையவன் ஆணை, நேரிய காரணம், நேரிய உள்நோக்கம் என மூன்று இயல்புகளை வேண்டினார். குருமார் போர் செய்தல் ஆகாதென விலக்கவும் செய்தார். நிலைமையால் அறத்தைப் பகுத்த தமிழ் உரைமரபுக்கு இது மிக அணிமையில் வந்து நிற்கின்றது.

எனினும், முறையான போர் என்னும் கொள்கை நிலைபெற்ற பின்னரும் கொலையின் கறை போயிற்றென்று பழைய திருச்சபை கருதவில்லை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பசிலியார், போரிற் கொன்றோரைக் கொலைஞர் எனக் கொள்ளாது விடினும், அவர்தம் கைகள் தூய அல்ல ஆதலின் மூன்றாண்டு திருவிருந்தினின்றும் விலகியிருத்தல் நன்றென அறிவுறுத்தினார். 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மானியப் படைக்கு, போப்பின் கொடியேந்திச் சென்றதாகப் புகழப்பட்ட அப்படைக்கே, பின்னர்க் கழுவாய் விதிக்கப்பட்டது. தான் கொன்ற ஆள் ஒவ்வொருவனுக்கும் ஓராண்டு என்பது கணக்கு. போர் முறையானதே; கொலையோ கழுவாய்க்குரியது. இவ்விரண்டையும் ஒருங்கே பிடித்திருந்தமை அக்காலத்தார்தம் நுண்ணுணர்வு. பிற்காலத்தில் முதற்கூற்று மட்டும் எஞ்சி, இரண்டாம் கூற்று மறக்கப்பட்டது. கிறித்தவம் கடல்வழித் தமிழகத்துக்கு வந்தபோது மறதி முற்றியிருந்தது என்பது எம் கருத்து.

இனி வீரமாமுனிவரிடம் வருவோம். 1680இல் இத்தாலியிற் பிறந்து, 1711 அளவில் தமிழகம் போந்த அவர், சிவகாசிக்குத் தெற்கே உள்ள காமநாயக்கன்பட்டியிற் சிலகாலம் பணிபுரிந்தார். பாளையக்காரர் ஒருவரோடொருவர் பொருத காலம் அது. 1726இல் அவர் இயற்றி முடித்த தேம்பாவணி மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் மூவாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து பாடலும் உடையது. தமிழ்ப் பெருங்காப்பியத் தலைவர் பெரும்பாலும் வில்லோடோ வாளோடோ தொடர்புடையவர். தேம்பாவணியின் தலைவனாகிய வளன், அஃதாவது சூசை, தச்சன். அவன் கையிலுள்ளவை உளியும் வாய்ச்சியுமே. காப்பியம் முழுதும் அவன் ஒருவரையும் கொல்லவில்லை. இந்நூலின் நாட்டுச் சிறப்பு, நகரச் சிறப்புகளைக் கம்பரோடு ஒப்பிட்டு எழுதிய ஆய்வாளர் பலர் உளர். படை தொடாத் தலைவனைக் கொண்டு பெருங்காப்பியம் செய்த துணிவை அவர்கள் அவ்வளவாகக் கருதாதது வியப்பே.

காப்பிய இலக்கணம் போரையும் வேண்டுமாதலின், முனிவர் போரைக் கிளைக்கதைகளில் வைத்தார். தாவீது கோலியாத்தை வீழ்த்தியது வளன் சனித்த படலத்திலும், யோசுவாவின் போர்கள் சோசுவன் வெற்றிப் படலத்திலும், கிதியோனின் போர் சேதையோன் வெற்றிப் படலத்திலும் இடம் பெறுகின்றன. கிதியோன் கதை இவ்வட்டாரத்தார்க்குச் சுவை பயப்பது. விவிலியத்தின்படி, அவன் முந்நூறு வீரரைக் கொண்டு நள்ளிரவில் எக்காளம் ஊதிப் பானைகளை உடைத்து உள்ளே மறைத்த தீவட்டிகளை வெளிப்படுத்த, பகைவர் ஒலியாலும் ஒளியாலும் மருண்டு தம்முள் வெட்டி மடிந்தனர். வாணவேடிக்கையால் வென்ற போர் எனலாம். இவ்வெற்றிகள் யாவும் இறைவன் ஆணையால் நிகழ்ந்தனவாதலின் புகழ்ச்சிக்குரியனவாகப் பாடப்படுகின்றன. அதே நூலில், ஏரோது மன்னன் பெத்லகேம் நகரக் குழந்தைகளைக் கொல்வித்தமையைக் குழவிகள் வதைப் படலம் அவலச்சுவை ததும்பக் கூறுகின்றது. இரண்டிடத்தும் வாள் ஒன்றே, உயிர்போதலும் ஒன்றே. ஏவியவன் யார், எக்காரணத்தால், எவ்வுள்ளத்தோடு என்பவையே வேறு. அக்குவினாஸ் வகுத்த மூன்று இயல்புகளையும் முனிவர் வாய்பாடாகக் கூறாது கதையமைப்பாகவே காட்டிவிட்டார் என்க. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தவர் அவரே ஆதலின், கொல்லாமையும் படைச்செருக்கும் ஒரு நூலில் அடங்கிய திறத்தை அவர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். ஆயினும், தம் கண்முன் நிகழ்ந்த பாளையக்காரர் சண்டைகளை அவ்வளவுகோல் கொண்டு அவர் காப்பியத்தில் அளக்கவில்லை. போர் அங்குப் பழங்கதையாகவே நின்றுவிட்டது.

அது பழங்கதையாக நிற்காத காலம் விரைவில் வந்தது. ஆங்கிலக் கும்பினியின் படை தெற்கே இறங்கியது. அப்படைக்கு வேண்டிய வெடியுப்பு பீகார்ப் பக்கத்தில் மிகுதியாகக் கிடைத்தது. ஐரோப்பாவின் போர்களுக்கும் கும்பினி அதனைக் கப்பலேற்றியது. படையொடு குருமாரும் வந்தனர். அவர்களுட் சுவார்ட்ஸ் ஐயர் (1726–1798) தனித்து நிற்பவர். 1764இல் யூசுப்கான் மதுரையில் முற்றுகையிடப்பட்டபோது, காயமுற்ற வீரர்க்கு அவர் பணிவிடை செய்தார். அதற்காக நவாபு அளித்த பொருளைத் திருச்சிராப்பள்ளியில் ஏதிலிச் சிறார் பள்ளிக்குக் கொடுத்தார். 1779இல் கும்பினி அரசு அவரை ஐதர் அலியிடம் தூது விடுத்தது. அமைதிக்கான செய்தி என்பதனாலேயே அவர் இசைந்தார். மறு ஆண்டே போர் மூண்டது. பஞ்சம் வரும் என முன்னுணர்ந்து அவர் சேமித்த நெல் தஞ்சையிற் பலர் உயிரைக் காத்தது. போரைப் பற்றி அவர் கொள்கை ஒன்றும் வகுத்திலர். புண்ணுக்கு மருந்திட்டார், பசிக்குச் சோறிட்டார், புண் ஏன் உண்டாயிற்று என்று கேட்டாரல்லர்.

பாஞ்சாலங்குறிச்சிப் போர்கள் கரிசல் நாட்டின் ஆறாத நினைவு. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 மார்ச்சு இறுதியில் கோட்டையைத் தாக்கிய ஆங்கிலப்படை முறிந்து பின்வாங்கியது. மே 24ஆம் நாளே கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். இப்போர்களின் வரலாற்றை விரிவாகத் தொகுத்து 1881இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தாற் புகழ்பெற்ற கால்டுவெல் ஐயரே. அரசு ஆவணங்களைத் தேடி எடுத்து, ஊர் வழக்குகளையும் கேட்டு எழுதிய அந்நூல் இன்றும் பயனுடையது. கட்டபொம்மன் தூக்குமேடையிற் காட்டிய அஞ்சாமையைப் பானர்மன் அறிக்கை வழியே அவர் மறையாது பதிந்தார். ஆயின், நூலின் தீர்ப்பு ஒன்றே: பாளையக்காரர் ஒடுங்கியதும் நாட்டில் ஒழுங்கு பிறந்தது, அவ்வொழுங்கு இறைவன் அருட்செயல். கொன்றவன் கை தூயதா என்னும் பசிலியார் வினா அந்நூலில் எழவில்லை. ஒரு பேராயர் எழுதிய போர் வரலாற்றில் அவ்வினா எழாமையைத்தான் யாம் மேலே மறதி என்றோம். கால்டுவெல்லின் மொழிப்பணியிடத்து எமக்குள்ள மதிப்பு இதனாற் குறையாது. அம்மதிப்பு காரணமாக இதனைக் கூறாது விடுதலும் முறையன்று.

வியப்பென்னவெனின், அவ்வினாவின் நிழல் குருவிடம் அன்றிப் போர்வீரனிடம் தென்படுகின்றது. கர்னல் அக்னியூவின் கீழ்ப் பணிபுரிந்த வெல்சு என்பார் 1830இல் வெளியிட்ட தம் போர் நினைவுகளில், சின்னமருது தமக்கு வேலெறியவும் வளரி வீசவும் கற்பித்த நண்பர் என்றும், அவரே பின்னர்த் தொடை முறிந்து பிடிபட்டுக் குற்றவாளி போலத் தூக்கிலிடப்பட்டார் என்றும் வருந்தி எழுதியுள்ளார். அரசாணை முறையானது என்பதில் வெல்சுக்கு ஐயமில்லை. எனினும் அவர் உள்ளம் அமைதி பெறவில்லை. பழைய திருச்சபையாயின் அவ்வுள்ளத்திற்குக் கழுவாய் என்னும் வழியைக் காட்டியிருக்கும். அவர் காலத்துத் திருச்சபை காட்டவில்லை.

மூன்றாமவர் குமரப்பா. விருதுநகருக்கு வடமேற்கே, ஆட்டுக்கிடையும் பருத்திக்காடும் சூழ்ந்த தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் அவர் தங்கிய எளிய வாழ்விடத்தை இன்றும் மக்கள் காட்டுவர். 1892 சனவரி 4ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து, ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்னும் பெயருடன் வளர்ந்தவர். இலண்டனிற் கணக்காய்வு கற்றுப் பம்பாயில் அத்தொழில் நடத்தினார். பின் அமெரிக்காவிற் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் அரசு நிதியியலை ஆராய்ந்தார். ஆங்கில ஆட்சியின் வரியும் செலவும் இந்திய வறுமைக்கு எவ்வாறு காரணமாயின என்பதே அவர் ஆராய்ச்சி. அக்கட்டுரையோடு 1929 மே 9ஆம் நாள் சபர்மதியிற் காந்தியடிகளைக் கண்டார்; அதன்பின் அவர் வாழ்க்கை திரும்பியது. குமரப்பா என்னும் முன்னோர் பெயரையும் மீட்டுக்கொண்டார்.

1930இல் உப்புச் சத்தியாகிரகம் எழுந்தபோது, கிறித்தவப் பணியாளரும் அயல்நாட்டுக் குருமாரும் அகிம்சைப் போராட்டத்தின் பக்கம் நிற்றல் வேண்டும் என்று குமரப்பா வெளிப்படையாக வேண்டினார். அப்போது இந்தியாவின் தலைமைப் பேராயராக விளங்கிய பாஸ் வெஸ்ட்காட், சட்டமறுப்பு இயேசுவின் போதனைக்கு ஏற்றதன்று என்றார். இருவர்க்குமிடையே நிகழ்ந்த இவ்வாதம் எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. பேராயர் எடுத்துக் கொண்டது கீழ்ப்படிதல் என்னும் அறம். குமரப்பா எடுத்துக் கொண்டது கொல்லாமை என்னும் அறம். கையில் ஒன்றுமின்றி உப்பள்ளுவது கிறித்தவத்துக்கு ஒவ்வாதெனின், துப்பாக்கி ஏந்திய படைக்குத் திருச்சபை வாழ்த்துக் கூறுதல் எங்ஙனம் ஒக்கும் என்பதே அவ்வாதத்தின் உட்கிடை. நூற்றாண்டுகளாகக் கேட்கப்படாதிருந்த மாக்சிமிலியனின் வினாவைத் தமிழ்க் கிறித்தவர் ஒருவர் மீண்டும் கேட்டார். முறையான போர் என்னும் கொள்கையின் முதல் இயல்பாகிய அரசாணை, அரசே அறமற்றதாயின் என்னாகும் என்பது அதன் அடுத்த படி.

வாதம் அத்துடன் நின்றிருப்பின், மேலைநாட்டுப் போர்மறுப்பாளர் வரிசையில் அவரை ஒருவராக எண்ணி அமையலாம். அவர்தம் தனித்தன்மை கணக்காய்வாளர் கண்ணாற் போரைக் கண்டமை. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கில அரசு இந்தியப் பண்டங்களைப் பெற்றுக்கொண்டு, இலண்டனில் ஒரு கணக்கெழுதி, இங்கே பணத்தாள்களை அச்சிட்டு நிறைத்தது. விலை ஏறிற்று, எளியோர் சோறிழந்தனர். அப்பம் கேட்ட மகனுக்குக் கல்லைக் கொடுப்பவன் எவன் என்னும் இயேசுவின் கேள்வியை நினைவூட்டும் தலைப்பிட்டுக் குமரப்பா இதனைக் கண்டித்து எழுதினார். இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1943இல் வங்கத்தில் நேர்ந்த பெரும்பஞ்சத்தை நினைப்பார்க்கு, போர்க்கொலை என்பது போர்க்களத்தோடு முடிவதன்று என்னும் அவர் கருத்தின் ஆழம் விளங்கும். குண்டு படாமல் மடிந்தோரும் போரில் மடிந்தோரே.

ஜபல்பூர்ச் சிறையில் அவர் இரு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வும் வாக்கும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். பின்னைய நூலிற் பொருளீட்டும் முறைகளை அவர் ஐந்தாகப் பகுத்தார். இரையைக் கொன்று தின்னும் புலியின் முறை முதலாவது. தான் வளர்க்காத மாவின் கனியைப் பறிக்கும் குரங்கின் முறை இரண்டாவது. தன் உழைப்பிற் கூடு கட்டும் பறவை, கூடித் தேன் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாது குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை ஆகியவற்றின் முறைகள் ஏனைய மூன்று. முதலிரண்டு முறைகளில் வாழும் நாடு படையின்றி வாழ இயலாது. பிறர் பொருளைக் கவர்தற்கும் கவர்ந்ததைக் காத்தற்கும் அதற்குப் படை வேண்டும். ஆகவே, போரை மறுப்போன் அப்பொருளையும் மறுத்தல் வேண்டும் என்பது அவர் முடிபு. கொக்கோத்தூள் ஒரு டப்பி வாங்குவோனை அவர் எடுத்துக்காட்டுவார். ஆப்பிரிக்கத் தோட்டத்தில் வலிந்து வேலை வாங்கியும், கடற்படை காக்கும் வழியிற் கொணர்ந்தும், ஆலையிற் குறைந்த கூலிக்கு உருவாக்கியும் வந்ததாயின், அதனை வாங்கியவன் அவ்வன்முறை அனைத்திலும் பங்காளி. கடைவீதியிற் காசு கொடுப்பவன் கைக்கும் போர்வீரன் கைக்கும் அவர் கண்ட தொடர்பு இது.

இவ்வளவுகோலைச் சிவகாசிக் கருமருந்தின்மேல் வைத்துப் பார்த்தல் தகும். குமரப்பா அவ்வாறு வைத்தார் என்று யாம் கூறவில்லை. அவர் கொள்கையின் எல்லையைக் காண்பதற்காகவே செய்கின்றோம். படைக்கலத்துக்கும் பட்டாசுக்கும் பொருள் ஒன்றே, நோக்கம் வேறு என்று முன்னர்க் கண்டோம். அக்குவினாஸ் வழிநின்று நோக்கத்தை மட்டும் அளந்தால், பட்டாசு குற்றமற்றது. குமரப்பா வழிநின்றால் அடுத்த கேள்வி எழும்: எவர் கையால், எந்நிலையில் ஆக்கப்பட்டது? எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சிவகாசித் தொழிலிற் சிறார் உழைத்தமையை ஒட்டி எழுந்தது. சிறாரை வேலைக்கு வைத்தோர் தலைக்கு இருபதாயிரம் ரூபாய் இழப்பீடு செலுத்துக என ஆணையிட்டது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போர் நிகழவில்லை; பகைவனும் இல்லை; ஆயினும் கருமருந்து கொன்றது. தீபாவளி இரவில் அதனைக் கொளுத்தி மகிழ்வோனும் குமரப்பாவின் கணக்கேட்டில் ஒரு வரியாக ஏறுவான்.

அவர் கொள்கையின் வலிமையும் மெலிவும் இவ்விடத்தே ஒருங்கே வெளிப்படுகின்றன. போர் அறிவிக்கப்படும் நாளன்று தொடங்குவதில்லை, அமைதிக் காலத்து அங்காடியிலேயே தொடங்குகின்றது என்பதை அவர்போல் விளக்கிய கிறித்தவ எழுத்தாளர் அரியர். ஆனால் பழி எல்லார்மேலும் பரந்து படியும்போது ஒருவர்மேலும் அழுத்தமாகப் படியாது போகக் கூடும். ஹேஸ்டிங்ஸ் வீரனுக்கு விதித்த கழுவாய், அவன் கொன்ற ஆள் இன்னவன், எண்ணிக்கை இத்துணை என்று கேட்டது. கொக்கோ வாங்கியவனிடம் அங்ஙனம் கேட்க இயலாது. வேலெறியக் கற்பித்தவனைத் தூக்குமரத்திற் கண்ட வெல்சின் துயரமும், தொலைவிலுள்ள தோட்டத் தொழிலாளி பொருட்டு வாங்குவோன் கொள்ளத்தக்க வருத்தமும் ஒரு தன்மையன அல்ல. மனிதன் ஒருவன் மற்றொருவனை முகம் பார்த்துக் கொல்லுதல் என்னும் செயலுக்குரிய தனிக் கடுமையைப் பொருளியற் பகுப்பு விழுங்கிவிடலாகாது என்பது எம் கருத்து.

மற்றொரு தடையும் உண்டு. நல்ல சமாரியன் உவமையை வைத்து அமெரிக்க இறையியலார் பால் ராம்சி ஒரு வினா எழுப்பினார். எரிகோ வழியிற் கள்வர் தாக்கி விட்டுச்சென்றவனுக்குச் சமாரியன் மருந்திட்டான். கள்வர் தாக்கிக்கொண்டிருக்கும்போதே அவன் அவ்விடம் வந்திருப்பின் யாது செய்தல் வேண்டும்? தன்மேல் விழும் அடியைப் பொறுத்தல் வேறு, அயலான்மேல் விழும் அடியைப் பார்த்திருத்தல் வேறு. அகுஸ்தீன் வழியினர் வாளெடுத்தற்குக் காட்டும் தலையாய காரணம் இதுவே. அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. அவ்வழியிற் கள்வர் ஏன் பெருகினர் என்று குமரப்பா வினவியிருப்பார் எனக் கொள்ளலாம். நன்று, ஆயினும் அடிபடுவோனுக்கு அந்நொடியில் அது விடையாகாது. தேம்பாவணியின் சூசை செய்தது மற்றொன்று: ஏரோதின் வாளை எதிர்க்கவும் இல்லை, அதற்குக் கழுத்தைக் கொடுக்கவும் இல்லை, குழந்தையை எடுத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் போயினான். பெத்லகேமின் ஏனைத் தாய்மார்க்கு அவ்வாய்ப்பும் இருந்ததில்லை.

திருச்சபைகளின் நிலையும் அசையாது நிற்கவில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நகரங்களை மக்களோடு அழிக்கும் போர்முறையை இறைவனுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் எனக் கண்டித்தது. மனச்சான்றின் பொருட்டுப் படைக்கலம் ஏந்த மறுப்போர்க்குச் சட்டம் இடமளித்தல் வேண்டும் என்றது. அதே ஏட்டில் நாட்டின் தற்காப்புரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. 2020இல் போப் பிரான்சிஸ் விடுத்த சுற்றுமடல், முறையான போர் என்பதற்கு முன்னோர் வகுத்த இலக்கணங்களை இக்காலத்திற் பொருத்திக் காட்டுதல் மிக அரிதாகிவிட்டது என்று கூறியது. படைக்கலங்களின் ஆற்றல் அவ்விலக்கணத்தின் அடிப்படையையே குலைத்துவிட்டது என்பது அதன் காரணம். முதல் மூன்று நூற்றாண்டுகளின் நிலைக்குத் திருச்சபை முற்றும் மீண்டது என்று இதனாற் கூறலாகாது. அகுஸ்தீனிடமிருந்து சற்றே விலகியது எனலாம்.

குமரப்பா 1951இற் சீனத்துக்கும் ஜப்பானுக்கும், மறு ஆண்டு உருசியாவுக்கும் சென்றார். சீனத்தில் நிலம் உழுவோர்க்குப் பகிரப்பட்டமையைக் கண்டு பாராட்டி நூலெழுதினார். குரங்கின் முறையை விட்டுத் தேனீயின் முறைக்கு ஒரு பெருநாடு திரும்புகின்றது என்ற நம்பிக்கை அதில் தோன்றுகின்றது. புலியின் முறையை விட்ட நாடு அயல்நாட்டின்மேற் படையெடுக்க வேண்டா என்பது அவர் கொள்கையின் இயல்பான விளைவு. 1960 சனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே, அவர் சென்னையிற் காலமானார். இரண்டாண்டு கழித்து 1962 அக்டோபரில் இந்திய எல்லையிற் சீனப்படை முன்னேறியது. அக்கொள்கைக்கு நேர்ந்த அந்தச் சோதனைக்கு விடைகூற அவர் இல்லை. அவர் நூல்களிலும் அதற்கு நேர்விடை காணப்படவில்லை.